மூன்று கோட்பாடுகளும் சமமா? முதலாண்டுச் சமூகவியல் பாடத்தை முன்வைத்து ஒரு விவாதம்

காட்பாடி விரிவுரையாளர்:

சமூகவியல் அறிமுகத் தாளை நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் ஒரே இடத்தில் எனக்கு நெருடுகிறது. பாடநூல்கள் பெரும்பாலும் ஓர் ஏற்பாடு சமூகத்துக்கு என்ன பணி செய்கிறது என்று கேட்கும் செயல்பாட்டுவாதம், அதனால் யாருக்கு ஆதாயம் என்று கேட்கும் முரண்பாட்டுக் கோட்பாடு, மனிதர்கள் பழகும்போது எதற்கு என்ன பொருள் கொள்கிறார்கள் என்று கேட்கும் குறியீட்டு ஊடாட்டவாதம் ஆகிய மூன்றையும் வரிசையாக நிறுத்தி, இவை சமூகத்தைப் பார்க்க உதவும் மூன்று கண்ணாடிகள், எதை அணிந்தாலும் ஏதோ ஒரு பக்கம் தெரியும் என்று சொல்லி முடித்துவிடுகின்றன. மாணவரும் ஒவ்வொன்றுக்கும் நிறை இரண்டு, குறை இரண்டு என்று எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டு அடுத்த பருவத்துக்குப் போய்விடுகிறார்.

இந்தக் கோட்பாடுகள் ஒன்றை ஒன்று மறுக்கின்றன என்பதே என் வாதம். 1945இல் செயல்பாட்டுவாதிகளான கிங்ஸ்லி டேவிஸும் வில்பர்ட் மூரும் எழுதிய கட்டுரையை எடுத்துக்கொள்வோம். சமூகத்துக்கு இன்றியமையாத பணிகளுக்குத் தகுதியானவர் வந்து சேர வேண்டுமானால் அவற்றுக்குக் கூடுதல் ஊதியமும் மதிப்பும் தந்தே ஆக வேண்டும், ஆகவே ஏற்றத்தாழ்வு எல்லாச் சமூகத்துக்கும் தேவையானது என்று அவர்கள் வாதிட்டார்கள். உடைமையும் அதிகாரமும் யார் கையில் இருக்கின்றனவோ அவர்களே ஊதியத்தைத் தீர்மானிக்கிறார்கள் என்பது மார்க்ஸ் வழி வந்தவர்களின் நிலை. தோல் பதனிடும் தொழிற்சாலையில் சுண்ணாம்புக் குழிக்குள் இறங்குபவருக்கு ஏன் மிகக் குறைந்த கூலி என்ற ஒரே கேள்விக்கு இந்த இரு விடைகளும் ஒருங்கே மெய்யாக இருக்க முடியாது. அவர் இறங்காவிட்டால் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் ஒரு தோல்கூட வெளியே போகாது. பணி இன்றியமையாதது, ஊதியமோ அடிமட்டம். அப்படியானால் டேவிஸ், மூர் இருவரின் கூற்று இந்த இடத்தில் பொய்த்துவிட்டது என்று மாணவர் எழுத வேண்டும், அப்படி எழுதுபவருக்கு மதிப்பெண்ணும் கிடைக்க வேண்டும். மாற்றுக் கருத்து உடையவர்கள் மறுத்து எழுதுங்கள்.

இராணிப்பேட்டை, ஓய்வுபெற்ற பேராசிரியர்:

தம்பி, உங்கள் அக்கறையை மதிக்கிறேன், ஆனால் எடுத்துக்காட்டில் ஒரு படி விடுபட்டிருக்கிறது. டேவிஸும் மூரும் இன்றியமையாமை ஒன்றையே அளவாகச் சொல்லவில்லை. பணியின் முக்கியத்துவம், அதற்குரிய திறனும் பயிற்சியும் எவ்வளவு அரிதாகக் கிடைக்கின்றன என்பது, இவை இரண்டையும் சேர்த்தே சொன்னார்கள். குழிக்குள் இறங்குவதற்கு நீண்ட பயிற்சி வேண்டியதில்லை, ஆள் எளிதில் கிடைக்கிறார், ஆகவே கூலி குறைவு என்று அவர்கள் விடை சொல்வார்கள். அந்த விடை நமக்குப் பிடிக்காமல் இருக்கலாம், கோட்பாடு பொய்த்ததாக ஆகாது.

1953இல் மெல்வின் டியூமின் அவர்களை மறுத்து எழுதியபோது, ஒரு பணி எவ்வளவு முக்கியமானது என்பதை எந்த அளவுகோலால் அளப்பது என்று கேட்டார். அடித்தட்டில் பிறந்த குழந்தையின் திறமை வெளிப்படாமலேயே அடங்கிவிடுகிறது, ஆகவே திறமையின் பற்றாக்குறையை உண்டாக்குவதே ஏற்றத்தாழ்வுதான் என்றும் சொன்னார். அதே ஆண்டில் டேவிஸ் விடையளித்தார். தாங்கள் பேசுவது பதவிகளின் அடுக்கைப் பற்றி, அந்தப் பதவிகளுக்கு யார் வந்து சேருகிறார்கள் என்பது வேறு கேள்வி என்பது அந்த விடையின் சாரம். வகுப்பில் டியூமினைச் சொல்லிவிட்டு டேவிஸின் மறுமொழியைச் சொல்லாமல் விடுகிறோம்.

பதினெட்டு வயதில் வந்து அமரும் பிள்ளைக்கு முதல் பருவத்திலேயே தீர்ப்பைக் கொடுத்துவிட்டால் அவர் ஆசிரியரின் தீர்ப்பை மனப்பாடம் செய்வாரே ஒழியத் தாமாக எடைபோடக் கற்கமாட்டார். கண்ணாடி என்ற சொல் உங்களுக்குப் பிடிக்காவிட்டால் கேள்வித் தொகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஏற்பாடு எதைத் தாங்கி நிற்கிறது, யாருக்கு ஆதாயம், இதில் ஈடுபட்டவர் இதற்கு என்ன பொருள் கொள்கிறார் என்பவை மூன்று வேறு கேள்விகள். மூன்றையும் கேட்கப் பழகுவதே அறிமுகத் தாளின் வேலை.

ஆம்பூர், காலணித் தொழிற்சாலை மேற்பார்வையாளர்:

நான் அஞ்சல் வழியில் சமூகவியல் முதுகலை படித்துக்கொண்டு காலணித் தொழிற்சாலையில் பணிபுரிகிறேன். பேராசிரியர் ஐயா சொன்னதற்குத் தொழிலிலிருந்து ஒரு சான்று தருகிறேன்.

தோல் வெட்டும் பிரிவில் நல்ல கட்டிங் ஆள் ஒருவர் முழுத் தோலை மேசையில் விரித்ததும் முதலில் கத்தியை எடுப்பதில்லை. உள்ளங்கையால் தடவி, உண்ணி கடித்த தழும்பு எங்கே, முள் கிழித்த கோடு எங்கே, எந்தப் பக்கம் இழுத்தால் தோல் நீளும் என்று பார்க்கிறார். முதுகுப் பக்கத்துத் தோல் காலணியின் முன்பகுதிக்கும், வயிற்றுப் பக்கத்துத் தொய்வான தோல் வெளியே தெரியாத துண்டுகளுக்கும் போக வேண்டும். வலதுக்கும் இடதுக்கும் நிறமும் இழையும் ஒத்திருக்க வேண்டும். சதுர அடிக் கணக்கில் வாங்கும் பொருள் என்பதால் அவர் கையில்தான் இலாபமும் நட்டமும். இதைக் கற்க ஆண்டுகள் ஆகின்றன, பாதியில் விட்டுப் போகிறவர்களே அதிகம். துண்டுகளை எண்ணி அடுக்குபவருக்குத் தரும் ஊதியத்தையே இவருக்கும் தந்தால் யார் இந்தத் தொழிலைக் கற்க முன்வருவார்கள்? நான் முதலாளி தரப்பில் பேசவில்லை, நானும் மாதச் சம்பளக்காரன்தான். ஆனால் திறமைக்கு ஏற்ற வேறுபாடு வேண்டும் என்ற கருத்தில் உண்மை இருக்கிறது என்பதை நாள்தோறும் பார்க்கிறேன்.

குடியாத்தம் மாணவி:

ஆம்பூர் அண்ணன் சொன்ன கட்டிங் தொழிலாளரின் திறமையை நான் மறுக்கவில்லை. அதே காலணியின் மேற்பகுதியைக் கையால் தைத்துக் கொடுக்கும் பெண்களை எந்த வரிசையில் வைப்பது? ஆம்பூர் வட்டாரத்தில் அவர்கள் தங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஜோடிக் கணக்கில் தைக்கிறார்கள். தையல் இடைவெளி சீராக இருக்க வேண்டும், நூலை இழுக்கும் விசை மாறினால் தோல் சுருங்கிவிடும். அதற்கும் பயிற்சி வேண்டும். ஆனால் பெண்ணுக்குத் தையல் இயல்பாக வருவது என்று சொல்லி அந்தத் திறமையைத் திறமையாகவே கணக்கிடுவதில்லை. எது அரிதான திறன், எது யாருக்கும் வரும் வேலை என்பதை முடிவு செய்வதிலேயே அதிகாரம் இருக்கிறது. டேவிஸும் மூரும் அந்த முடிவை ஆராயாமல் தரவாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் வீட்டில் அம்மா பீடி சுற்றுகிறார். சுற்றிய கட்டுகளைக் கடைக்குக் கொண்டுபோனால், வாங்குபவர் ஒரு கட்டை அவிழ்த்து இரண்டு மூன்று பீடியை விரலால் அழுத்திப் பார்ப்பார், முகத்தைப் பார்க்காமலேயே சிலவற்றைத் தனியே தள்ளுவார். கழிக்கப்பட்ட பீடிக்குக் கூலி இல்லை, ஆனால் அதற்குச் செலவான இலையும் தூளும் எங்கள் கணக்கில் ஏறும். இலையே மட்டமானது என்று யாராவது ஒருவர் வாய் திறந்தால், அடுத்த முறை அவருக்குத் தரும் இலை இன்னும் மோசமாக இருக்கும். ஆகவே யாரும் பேசமாட்டார்கள், தலையைக் குனிந்துகொண்டு பை மடிப்பார்கள். எர்விங் காஃப்மன் எழுதிய நேருக்கு நேர் ஊடாட்டத்தை நான் அங்கேதான் புரிந்துகொண்டேன். அந்தக் குனிவை ஊடாட்டவாதம் எனக்குத் துல்லியமாகக் காட்டுகிறது. இலை, கணக்கு நோட்டு, அடுத்த வாரத்து வேலை மூன்றும் எதிராளியின் கையில் இருப்பதால்தான் அவர்கள் குனிகிறார்கள் என்பதை அது சொல்வதில்லை.

என் முதன்மையான கருத்து வேறு. 1945, 1953 என்று இருவரும் பேசுகிறீர்கள். 1936இல் அம்பேத்கர் சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமன்று, வேலை செய்வோரையே பிரித்து ஒருவர்மேல் ஒருவராக அடுக்கும் ஏற்பாடு என்று எழுதிவிட்டார். பிறப்பிலேயே தொழில் விதிக்கப்படுவதால் இயல்பான திறமைக்கு இடமில்லாமல் போகிறது என்றும் அதே நூலில் வாதிட்டார். டியூமின் எழுப்பிய மறுப்பின் உயிர்நாடி 17 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே இருக்கிறது. ஒரு காலத்தில் அவர் பெயரையே தாங்கி வடாற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று அழைக்கப்பட்ட மண்ணில் உட்கார்ந்துகொண்டு, அறிமுகத் தாளில் அவரை இந்தியச் சிந்தனையாளர்கள் என்ற கடைசி அலகில் படிக்கிறோம். மூன்று கோட்பாடுகளும் சமமா என்று கேட்கும் முன், அந்த மூன்று என்ற பட்டியலை யார் போட்டது என்று கேட்க வேண்டாமா?

இராணிப்பேட்டை, ஓய்வுபெற்ற பேராசிரியர்:

அம்மா, அம்பேத்கரைக் கடைசி அலகில் வைப்பது பிழை என்பதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். அவர் 1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு மானுடவியல் கருத்தரங்கில் வாசித்த கட்டுரையை, 25 வயது மாணவர் ஒருவர் எழுதியது என்பதற்காகவே உங்கள் வகுப்பில் முதலில் வாசிக்க வைப்பேன். சாதியின் சாரம் அகமணம், அதாவது தம் குழுவுக்குள்ளேயே மணப்பது, என்று அவர் அதில் நிறுவுகிறார். ஆண் பெண் எண்ணிக்கைச் சமநிலையைக் குழுவுக்குள்ளேயே காப்பாற்ற வேண்டியிருந்ததால்தான் உடன்கட்டை, கட்டாய விதவைக் கோலம், சிறுமியர் திருமணம் ஆகியவை வந்தன என்று ஒரு பொறியமைவைக் காட்டுகிறார். மேலே இருப்பவரைக் கீழே இருப்பவர் போலச் செய்வதால் இந்த வழக்கம் பரவியது என்பதற்குப் பிரெஞ்சுச் சமூகவியலாளர் கேப்ரியல் டார்டை மேற்கோள் காட்டுகிறார். 1952இல் எம்.என். சீனிவாஸ் சமஸ்கிருதமயமாதல் என்று வளர்த்தெடுத்த கருத்தின் அடிப்படை அங்கே முன்னரே இருக்கிறது.

ஆனால் கவனியுங்கள். ஒரு வழக்கம் எந்தத் தேவையை நிறைவேற்றுகிறது என்று கேட்டு அகமணத்தைக் காப்பதே அதன் வேலை என்று சொல்வது செயல்பாட்டு விளக்கத்தின் வடிவம்தான். அந்த வேலை யாருடைய உயர்வைக் காக்கிறது என்பது முரண்பாட்டின் கேள்வி. அம்பேத்கர் இரண்டையும் ஒரே கட்டுரையில் கேட்கிறார். என் நிலைக்கு இதைவிட நல்ல சான்று எனக்கு வேண்டியதில்லை.

காட்பாடி விரிவுரையாளர்:

ஐயா, அம்பேத்கர் இரண்டு கேள்விகளையும் கேட்டார் என்பது சரி. விடையில் அவர் நடுநிலை வகிக்கவில்லை. இன்ன பொறியமைவால் இன்னது விளைந்தது என்று துணிந்து சொன்னார். தவறென்று காட்ட இடமுள்ள கூற்று அது. நான் கேட்பதும் அந்தத் துணிவைத்தான்.

பதனிடுதலை விட்டுவிட்டு வேறொரு தளத்துக்கு வருகிறேன், ஏனெனில் இந்தக் கோட்பாடுகளைச் சோதிக்க நம் மாவட்டமே தந்த ஒரு சான்று இருக்கிறது. கனமான பொருள், ஆனாலும் முதலாண்டு மாணவர் அறிய வேண்டியது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1897இல் தற்கொலையைப் பற்றி எழுதிய நூல் சமூகவியலின் அடித்தள நூல்களில் ஒன்று. ஐரோப்பிய அரசுப் புள்ளிவிவரங்களை வைத்து, மிகத் தனிப்பட்டதாகத் தோன்றும் ஒரு செயலின் வீதம்கூடச் சமூகப் பிணைப்பைப் பொறுத்தே ஏறி இறங்குகிறது என்று காட்டினார். பெண்களிடம் வீதம் குறைவு என்பதும் அவர் தரவில் இருந்தது, அதற்கு ஒரு விளக்கமும் தந்தார்.

இனி நம் பக்கம் வருவோம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமூக நலத் துறை கணியம்பாடி ஒன்றியத்தின் கிராமங்களில் பல ஆண்டுகளாக ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்து வருகிறது. இறப்பு நடந்த வீட்டுக்கு ஊரை அறிந்த சுகாதாரப் பணியாளர் சென்று, குடும்பத்தாரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் கடைசி நாட்களில் என்ன நடந்தது என்று பொறுமையாகக் கேட்டு, காரணத்தை வகைப்படுத்துகிறார். அந்தப் பதிவுகளிலிருந்து 10 முதல் 19 வயது வரையுள்ளவர்களைப் பற்றி 2004இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுக்குச் சிறுமியரிடம் 148, சிறுவரிடம் 58 என்பது அதில் கண்ட தற்கொலை வீதம். அரசுப் பதிவேடுகள் காட்டிய அளவைவிட இது பன்மடங்கு அதிகம்.

இந்த ஒரு முடிவை வைத்து மாணவர் எவ்வளவு சொல்லலாம் என்று பாருங்கள். பெண்களிடம் வீதம் குறைவு என்ற துர்க்கைமின் பொதுமை இங்கே நிற்கவில்லை. அரசுப் புள்ளிவிவரம் என்பது அதிகாரிகளும் குடும்பத்தாரும் ஓர் இறப்புக்குக் கொடுக்கும் பொருளால் உருவாவது என்று 1967இல் ஜாக் டக்ளஸ் எழுப்பிய விமர்சனம் வலுப்பெறுகிறது. அன்று தற்கொலை முயற்சி இந்தியத் தண்டனைச் சட்டம் 309ஆம் பிரிவின்படி குற்றம். காவல் நிலையம், ஊர்ப்பேச்சு, அடுத்த பெண்ணின் திருமணம் என்று எத்தனை அச்சங்கள் அந்தக் குடும்பத்தை அழுத்தியிருக்கும்! ஆனால் வீதம் என்ற ஒன்றை அறியவே இயலாது என்று சொல்லும் அளவுக்கு யாராவது டக்ளஸை இழுத்துச் சென்றால், கணியம்பாடிப் பதிவு அவரையும் மறுக்கிறது. வீடு வீடாகப் போய்க் கேட்டால் தெரிகிறது. ஆக ஒரு கோட்பாடு ஓர் இடத்தில் வென்று இன்னோர் இடத்தில் தோற்கிறது. இதைத்தான் மாணவர் எழுத வேண்டும் என்கிறேன்.

இராணிப்பேட்டை, ஓய்வுபெற்ற பேராசிரியர்:

இது நல்ல சான்று. இதுவரை நீங்கள் எழுதியவற்றில் மிக வலுவானதும் இதுவே. இருந்தாலும் துர்க்கைமை இவ்வளவு விரைவாகத் தோற்கடிக்க வேண்டாம்.

சமூகப் பிணைப்புக் குறைவதாலும், அளவுக்கு மீறிக் கூடுவதாலும், நெறிகள் தளர்வதாலும் நேரும் மூன்று வகைகளை விரிவாகப் பேசிய அவர், நெறிகளின் கட்டுப்பாடு மூச்சுமுட்டும் அளவுக்கு இறுகும்போது நேரும் நான்காம் வகை ஒன்றையும் ஓர் அடிக்குறிப்பில் குறித்தார். மிக இளம் வயதில் மணந்த ஆண்கள், குழந்தையற்ற மணமான பெண்கள், அடிமைகள் ஆகியோரை அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லி, தம் காலத்தில் அதற்கு முக்கியத்துவம் குறைவு என்று கடந்து சென்றுவிட்டார். படிப்பு, நட்பு, நடமாட்டம், திருமணம் ஆகிய எல்லாவற்றிலும் பிறர் முடிவுக்குக் கட்டுப்பட்ட கிராமத்துச் சிறுமியரிடம் வீதம் உயர்ந்திருப்பது அந்த நான்காம் வகைக்குப் பொருந்துகிறது. ஒரு பொதுமை தவறியது, கோட்பாடு தவறவில்லை.

காட்பாடி விரிவுரையாளர்:

ஐயா, இங்கேதான் நாம் உண்மையிலேயே பிரிகிறோம் என்று நினைக்கிறேன். வீதம் குறைந்தால் ஒரு வகை, கூடினால் இன்னொரு வகை என்று எந்த முடிவு வந்தாலும் அதற்கொரு பெட்டி தயாராக இருந்தால், அந்தக் கோட்பாட்டை எந்த ஊரிலும் யாராலும் சோதிக்க முடியாது. அடிக்குறிப்பை நான் மதிக்கிறேன், ஆனால் அதைச் சோதனைக்கு உட்படுத்தினால் மட்டுமே மதிப்பேன். கட்டுப்பாடு இறுகிய வீடுகளில் வீதம் கூடுதலாகவும், பெண்பிள்ளை படிக்கவும் வேலைக்குப் போகவும் விட்ட வீடுகளில் குறைவாகவும் இருக்க வேண்டும் என்று அந்த நான்காம் வகை முன்கூட்டியே சொல்கிறது. அப்படி இல்லை என்று தெரியவந்தால் அதைக் கைவிட நாம் அணியமாக இருக்க வேண்டும்.

தவிரவும், இந்தச் சிறுமியர் நமக்கு எடுத்துக்காட்டுகள் மட்டுமல்லர். எந்த விளக்கம் சரி என்பதைப் பொறுத்து எந்த உதவி சரி என்பது மாறும். பிணைப்புக் குறைவுதான் காரணம் என்றால் குடும்பத்தை நெருக்கமாக்க வேண்டும், கட்டுப்பாட்டின் இறுக்கம்தான் காரணம் என்றால் அதே அறிவுரை நிலைமையை மோசமாக்கும். எல்லாக் கோட்பாட்டுக்கும் நிறை குறை உண்டு என்று எழுதிவிட்டு எழுந்து போவதை நான் ஏற்க மறுப்பது இதனால்தான்.

ஆரணி, ஆய்வு மாணவர்:

இதுவரை அடிவாங்கியது செயல்பாட்டுவாதம்தான். முரண்பாட்டுக் கோட்பாட்டையும் அதே தராசில் நிறுத்துங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

பசுமைப் புரட்சி பணக்கார விவசாயியை மேலும் உயர்த்தும், சிறு விவசாயியையும் கூலியாளரையும் நிலத்திலிருந்து வெளியேற்றும், அதனால் கிராமங்களில் மோதல் முற்றும் என்று 1960களின் இறுதியில் பரவலாக எதிர்பார்க்கப்பட்டது. அதைச் சோதிக்க வாய்த்த இடங்களில் பழைய வடாற்காடு மாவட்டம் முக்கியமானது. 1973-74இல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்குள்ள கிராமங்களில் நெல் சாகுபடியையும் அதன் சமூக விளைவுகளையும் விரிவாக ஆய்ந்தார்கள். பத்தாண்டுகள் கழித்து அதே கிராமங்களுக்கு வேறோர் ஆய்வுக் குழு வந்தது. பீட்டர் ஹேசலும் சி. ராமசாமியும் 1991இல் வெளியிட்ட அதன் முடிவு, சிறு விவசாயிகளுக்கும் நிலமற்ற கூலியாளர்களுக்கும்கூட வருமானம் கணிசமாக உயர்ந்தது என்பது. அஞ்சிய அளவுக்கு நிலப்பறிப்பு நடக்கவில்லை. வர்க்கப் பிளவு தானாகக் கூர்மையடையும் என்ற கணிப்பு, குறைந்தது இந்தக் கிராமங்களில், அந்தப் பத்தாண்டில் பலிக்கவில்லை. குடியாத்தத்துத் தங்கை இதை எப்படி எதிர்கொள்வார்?

குடியாத்தம் மாணவி:

நேர்மையான கேள்வி, அண்ணா. நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. வருமானம் உயர்ந்தது என்ற முடிவை ஏற்கிறேன். ஆனால் அந்த ஆய்வே 1982-83இன் கடும் வறட்சியில் கிடைத்த அளவுகளும் அடுத்த ஆண்டு அளவுகளும் எவ்வளவு வேறுபட்டன என்று காட்டுகிறது. வறட்சி ஆண்டை எடுத்தால் ஒரு கதை, மழை பெய்த ஆண்டை எடுத்தால் இன்னொரு கதை. அதோடு பயிர் விளைய வேண்டிய தண்ணீர் கிணற்றிலிருந்து வந்தது. மின் மோட்டார் வந்தபின் நீர்மட்டம் இறங்க இறங்க, கிணற்றை மேலும் ஆழப்படுத்தப் பணம் உள்ளவரே பயிரிட முடிந்தது, மற்றவரின் கிணறு வற்றியது. நிலம் ஏட்டில் அவர் பெயரிலேயே இருக்கும், ஆனால் அதில் விளைவிக்கும் திறன் கைமாறிவிட்டிருக்கும். நிலப்பட்டாவை மட்டும் எண்ணினால் இந்தக் கைமாற்றம் கண்ணில் படாது.

கூலி உயர்ந்ததற்கும் ஒரு காரணம் வயலுக்கு வெளியே இருந்தது. ஆரணிப் பக்கத்துப் பட்டுத் தறி, எங்கள் ஊர்க் கைலித் தறி, பீடி, தீப்பெட்டி என்று வேறு வேலை கிடைத்ததால் நிலக்காரரிடம் பேரம் பேச முடிந்தது. பேரம் பேசும் வலிமை மாறினால் கூலி மாறும் என்பது முரண்பாட்டுக் கோட்பாட்டின் கூற்றுதான். வர்க்கப் பிளவு தானாகவே போராட்டமாக வெடிக்கும் என்ற பகுதியை மட்டும் நான் கைவிடுகிறேன். அதைக் கைவிடுவதில் எனக்குத் தயக்கம் இல்லை, ஏனெனில் படிநிலைப்பட்ட சமத்துவமின்மை என்று அம்பேத்கர் விளக்கியதும் அதையே சொல்கிறது. ஒவ்வொருவருக்கும் தமக்குக் கீழே ஒருவர் இருக்கும் வரையில், கீழே உள்ளவர்கள் எல்லாரும் ஒன்றுசேர்வது அரிது.

ஆரணி, ஆய்வு மாணவர்:

கிணறு பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். நான் போன கிராமங்களிலும் முதியவர்கள் முதலில் பேசுவது தண்ணீரைப் பற்றித்தான், நெல் விதையைப் பற்றி அல்ல. ஆனாலும் நீங்கள் ஒரு கணிப்பைக் கைவிட்டு இன்னொன்றைக் காத்துக்கொண்டீர்கள். பேராசிரியர் துர்க்கைமுக்குச் செய்ததும் அதுவேதான். அவரைக் கேட்ட கேள்வியை விரிவுரையாளர் உங்களையும் கேட்க வேண்டும்.

காட்பாடி விரிவுரையாளர்:

கேட்கிறேன். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. எதைக் கைவிடுகிறேன் என்று தங்கை பெயர் சொல்லிக் கைவிட்டார். பேரம் பேசும் வலிமையைத் தனியே அளந்து பார்க்கவும் முடியும். தறியும் தொழிற்சாலையும் எட்டாத கிராமத்தில் அதே ஆண்டுகளில் கூலி உயர்ந்திருந்தால் அவர் விளக்கம் விழுந்துவிடும். இப்படி விழக்கூடிய இடத்தைக் காட்டும் எவரோடும் எனக்குச் சண்டை இல்லை.

ஆம்பூர், காலணித் தொழிற்சாலை மேற்பார்வையாளர்:

வீட்டில் தைக்கும் பெண்களைப் பற்றிச் சகோதரி எழுதியதை இரண்டு நாளாக யோசித்தேன். அவர்கள் வேலையின் தரத்தை நானே பார்த்து வாங்குகிறேன், கைத்தையல் சரியில்லாமல் திருப்பி அனுப்பும்போது அது திறமை வேண்டும் வேலை என்று எனக்குத் தெரிகிறது. கூலி பேசும்போது மட்டும் அது திறமையாகக் கணக்கில் வருவதில்லை. திறமைக்கு ஏற்ற வேறுபாடு வேண்டும் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. இன்று நிலவும் வேறுபாடு திறமைக்கு ஏற்றதுதான் என்று டேவிஸ், மூர் கட்டுரையை வைத்துச் சொல்ல முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வேண்டும் என்பது ஒன்று, இருக்கிறது என்பது இன்னொன்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2015 சனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் தோல் கழிவுச் சேற்றைத் தேக்கியிருந்த தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அதற்கு 18 ஆண்டுகளுக்கு முன்பே, 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்துபவரே ஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்திருந்தது. தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது, அதில் என் குடும்பமும் ஒன்று. அதே தொழில் பாலாற்றங்கரைக் கிணறுகளைக் கெடுத்தது. இந்த இரண்டையும் ஒரே கோட்பாட்டில் எப்படிச் சொல்வது என்று பேராசிரியர் ஐயாவைக் கேட்கிறேன்.

இராணிப்பேட்டை, ஓய்வுபெற்ற பேராசிரியர்:

தம்பி, அதற்கு ராபர்ட் மெர்ட்டனைப் படியுங்கள். 1949இல் அவர் செயல்பாட்டுவாதத்தை உள்ளிருந்தே திருத்தினார். ஓர் ஏற்பாடு சமூகம் முழுவதற்கும் நன்மை செய்கிறது என்று முன்கூட்டியே கொள்ளக் கூடாது, எந்தக் குழுவுக்கு நன்மை, எந்தக் குழுவுக்குத் தீமை என்று பெயர் சொல்லிக் காட்ட வேண்டும் என்றார். வெளிப்படையாக நோக்கப்பட்ட விளைவையும், யாரும் நோக்காமல் நேரும் மறைமுக விளைவையும் பிரித்தார். அந்நியச் செலாவணியும் வேலைவாய்ப்பும் முதல் வகை. ஆற்காட்டுப் பக்கத்து நெல் வயல்களில் உப்பு ஏறியது இரண்டாம் வகை, தென்னையும் நெல்லும் வைத்திருந்தவருக்கு அது தீமை. ஆக நீங்கள் கேட்ட இரண்டையும் சொல்வதற்குச் செயல்பாட்டுவாதத்திலேயே இடம் இருக்கிறது.

குடியாத்தம் மாணவி:

ஐயா, தோல் தொழிலின் தீமை அத்தனை ஆண்டுகள் தெரிந்தும் ஏன் தொடர்ந்தது என்பதற்கு மெர்ட்டனிடம் விடை உண்டா? தீமை இன்னாருக்கு என்று பட்டியலிட முடிகிறது. அவர்கள் குரல் ஏன் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது, தீர்ப்பு வந்த பின்னும் ஏன் 10 பேர் சாக வேண்டியிருந்தது என்பதற்கு அதிகாரத்தைப் பற்றிய ஒரு கோட்பாடு வேண்டும்.

இராணிப்பேட்டை, ஓய்வுபெற்ற பேராசிரியர்:

மெர்ட்டனிடம் அதற்கு விடை குறைவு. அந்த இடத்தில் மார்க்ஸோடு வெபரும் வேண்டும். செல்வம், மதிப்பு, அரசியல் பலம் மூன்றும் எப்போதும் ஒரே கையில் சேர்வதில்லை என்றார் வெபர். தோல் தொழிலைத் தீட்டு என்று ஒதுக்கிய ஊரில் அதே தொழிலால் செல்வம் வந்தது, செல்வத்தால் அரசியல் செல்வாக்கும் வந்தது, ஆனால் குழியில் நின்றவரின் மதிப்பு மட்டும் உயரவில்லை. இதை வர்க்கம் ஒன்றை மட்டும் வைத்தோ தீட்டு ஒன்றை மட்டும் வைத்தோ விளக்க முடியாது. லூயி டுமோன் தமிழகத்திலேயே பிரமலைக் கள்ளரிடையே தங்கி ஆய்ந்தவர், ஆயினும் 1966இல் தூய்மை, தீட்டு என்ற கருத்தியலையே சாதியின் அச்சாக நிறுத்தினார். 1974இல் ஜோன் மென்ச்சர் செங்கற்பட்டு மாவட்டக் கிராமங்களின் தலித் மக்கள் பக்கத்திலிருந்து பார்த்து, அவர்களுக்குச் சாதி என்பது முதன்மையாகப் பொருளாதாரச் சுரண்டலாகத் தெரிகிறது என்று மறுத்தார். இந்த விவாதத்தில் மென்ச்சர் பக்கமே எனக்கு வலுவாகப் படுகிறது. பாருங்கள், நானும் தீர்ப்புச் சொல்கிறேன். அதைச் சொல்லும் தகுதி எனக்கு எல்லாத் தரப்பையும் படித்த பின்பே வந்தது என்பதுதான் என் வாதம்.

காட்பாடி விரிவுரையாளர்:

அப்படியானால் செயல்முறைக்கு வருகிறேன். அடுத்த பருவத்தில் பாடத்திட்டத்தின் அலகுகளை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை, வகுப்பில் நடத்தும் வரிசையை மாற்றலாம். 1893இல் துர்க்கைம் வேலைப் பிரிவினையைப் பற்றி எழுதியதும் அம்பேத்கர் 1916இலும் 1936இலும் எழுதியவையும் ஒரே வாரத்தில் வரும். டேவிஸ், மூர் அதன் பிறகே வருவார்கள், டியூமினும் டேவிஸின் மறுமொழியும் உடன் வரும். உள்மதிப்பீட்டுக்கு ஒரே கேள்வி வைப்பேன். உங்கள் ஊரில் நீங்கள் நேரில் அறிந்த ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு, அதன் ஊதியத்தை இரண்டு கோட்பாடுகள் எப்படி விளக்கும் என்று எழுதி, எந்தத் தகவல் கிடைத்தால் எந்த விளக்கத்தைக் கைவிடுவீர்கள் என்று சொல்லுங்கள். இரண்டில் எதைக் கைவிட்டாலும் மதிப்பெண் உண்டு, எதையும் கைவிட மறுத்தால் மதிப்பெண் குறையும்.

இராணிப்பேட்டை, ஓய்வுபெற்ற பேராசிரியர்:

வரிசையை முழுமனத்தோடு ஏற்கிறேன். கேள்வியின் கடைசி வரியை ஏற்கமாட்டேன். தகவல் போதவில்லை, ஆகவே இப்போது எதையும் கைவிட இயலாது என்று காரணத்தோடு எழுதும் பிள்ளைக்கும் முழு மதிப்பெண் தர வேண்டும். கணியம்பாடியில் அந்தப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பதியும் வரை அந்த நிலைதானே சரியான நிலையாக இருந்தது?

குடியாத்தம் மாணவி:

ஐயா சொல்வது போல விடைத்தாளில் நிறுத்திக்கொள்ளலாம், ஆனால் என்ன தகவல் போதவில்லை, அதை யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்பதையும் அந்த மாணவர் எழுத வேண்டும். பீடிக் கூலியைப் பற்றி எழுதுபவர் கடைக்காரரின் நோட்டை மட்டும் பார்த்துவிட்டுத் தகவல் போதவில்லை என்று எழுதக் கூடாது. எங்கள் தெருவுக்கு வரட்டும், சுற்றுபவர்களிடம் கேட்கட்டும். வருபவர்களை அம்மாவிடம் நான் அழைத்துப் போகிறேன்.

காட்பாடி விரிவுரையாளர்:

இரண்டு திருத்தங்களையும் சேர்த்துக் கேள்வியை மாற்றி எழுதுகிறேன். பருவம் தொடங்கியதும் எட்டுப் பத்துப் பேராக வருவோம் தங்கையே, வேலைக்கு இடைஞ்சல் இல்லாத நேரம் எது என்று மட்டும் அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.